அறுபத்திரண்டு வீட்டுச் சாக்கடைக்கு இரண்டு குட்டை

ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்ய நாங்கள் வெட்டிய இரண்டு குட்டைகளின் லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. தெருச் சாக்கடையாக உள்ளே போகும் தண்ணீரில் பிஓடி (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன், அழுக்கை அளக்கும் கணக்கு இதுதான்) லிட்டருக்கு 380 மில்லிகிராம். இரண்டாவது குட்டையை விட்டு வெளியே வரும்போது 46. அதே தண்ணீரைப் பாசி போக வடிகட்டிப் பார்த்தால் 19. ஒரு பெருமழைக் காலத்தையும் இரண்டு கோடையையும் தாண்டிய பிறகு பிடித்த சாம்பிள் இது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் இதே பிரச்சினையோடு இருப்பவர்கள் ஏராளம். அளவுகள், செலவு, எங்கே இடித்தது என்பதையெல்லாம் மறைக்காமல் சொன்னால் யாருக்காவது பயன்படும்.

நான் தாம்பரத்தில் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். ஊர் என் அம்மா பிறந்த ஊர், திருப்போரூர் தாண்டி உள்ளே போக வேண்டும். 62 வீடு, ஏறக்குறைய 260 பேர். பாதாளச் சாக்கடை எல்லாம் அந்தப் பக்கம் வர இன்னும் எத்தனை வருடமோ. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்ததும் உபயோகம் கூடியது, கழிவும் கூடியது. தெருவோரம் இருந்த வாய்க்கால் ஊர்க்கோடியில் ஒரு பள்ளத்தில் போய் நின்றது. மழை வந்தால் பள்ளம் வழிந்து ஏரிக்குப் போகும். ஏரித் தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். முன்பே அங்கங்கே உறிஞ்சுகுழி போட்டுப் பார்த்திருந்தார்கள். களிமண் பூமி, உறிஞ்சவே இல்லை. குழி நிரம்பிக் கொசு வளர்த்ததுதான் மிச்சம்.

ஊராட்சித் தலைவர் அக்காதான் கூப்பிட்டுக் கேட்டார். “தம்பி, சாக்கடையச் சுத்தம் பண்ண மிஷின் வைக்கச் சொல்றாங்க. கரண்டு பில்லு யாரு கட்டுறது? மிஷின் இல்லாம ஏதாவது வழி இருக்கா?” இருக்கிறது. உலகம் முழுக்கப் பல சின்ன ஊர்களில் இதைக் குளம் வெட்டியே செய்கிறார்கள். ஆழம் குறைந்த குட்டையில் கழிவுநீரைப் பல நாள் நிறுத்தி வைத்தால், அடியில் கசடு படியும், நடுவில் பாக்டீரியா அழுக்கைத் தின்னும், மேலே பாசி வெயிலைக் குடித்து அந்த பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இடம்தான் வேண்டும். ஊர்க்கோடியில் புறம்போக்கு இருந்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, அனுமதி வாங்கிய பிறகுதான் கை வைத்தோம்.

அளந்தது

முதலில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிய வேண்டும். தலைக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கிக்கொள்ளலாம்தான், ஆனால் நான் வாய்க்காலிலேயே பார்த்துவிட நினைத்தேன். சிறுபாலத்துக்குக் கீழே ஒரு துண்டுப் பைப்பை வைத்துக் களிமண்ணால் அடைத்து, மொத்தத் தண்ணீரும் அதன் வழியாக விழும்படி செய்தோம். 20 லிட்டர் பெயின்ட் டப்பா, போனில் ஸ்டாப்வாட்ச். காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை டப்பா 25 நொடியில் நிரம்பியது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் 50 நொடி. பகலில் பாத்திரம், துணி என்று ஓடும் ஆறு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம். ராத்திரி சொட்டுதான். கூட்டினால் 11,500 லிட்டர். தலைக்கு 44 லிட்டர். அரசாங்கம் குழாயில் கொடுக்கக் கணக்கு வைப்பது தலைக்கு 55 லிட்டர், அதில் எண்பது சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. அதுவும் 44தான். இரண்டும் ஒத்துப்போனதில் எனக்குத் தைரியம் வந்தது.

அடுத்தது அழுக்கின் அளவு. இரட்டைக் குழிக் கழிப்பறை வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வாய்க்காலுக்கு மலக்கழிவு வருவதில்லை. செப்டிக் டேங்க் வைத்தவர்கள் வீட்டில் மேலே வழிவது வருகிறது. அதோடு குளியல், சமையல், துணி. எல்லாம் சேர்த்துத் தலைக்கு 30 கிராம் பிஓடி என்று தாராளமாகவே வைத்தேன். 260 பேருக்கு நாளைக்கு 7.8 கிலோ. சென்னை அட்சரேகையில் இந்த மாதிரிக் குளம் ஒரு ஹெக்டேருக்கு நாளைக்கு 300 கிலோ வரை தாங்கும் என்று கையேடுகளில் இருக்கிறது. நான் 250 என்று எடுத்துக்கொண்டேன். வந்தது 312 சதுர மீட்டர்.

அப்படியே 26 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். தண்ணீர் ஆழம் 1.3 மீட்டர். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் அடியிலிருந்து கோரையும் நாணலும் முளைத்து மேலே வந்துவிடும். ரொம்ப ஆழம் போனால் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜனே எட்டாது. கரைச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி. இந்தக் கணக்கில் கொள்ளளவு 316 கன மீட்டர், அதாவது தண்ணீர் 27 நாள் தங்கும். அதற்கு மேற்கே இரண்டாவது குட்டை: 14க்கு 8 மீட்டர், ஒரு மீட்டர் ஆழம், இன்னும் ஏழு நாள். முதல் குட்டை அழுக்கைத் தின்ன, இரண்டாவது கிருமியைக் கொல்ல. மேலே அரை மீட்டர் கரை எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

வெட்டியது, ஒழுகியது

ஜேசிபி மணிக்கு 1,300 ரூபாய். எடுத்த மண்ணையே கரையாகப் போட்டு, 20 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்கு தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பழைய டியூப் லெவல்தான். இந்த வேலைக்கு அதைவிட நம்பகமான கருவி வேண்டியதில்லை. நான்கு மூலைக்கும் முளை அடித்து ஒரே மட்டத்தில் ஆணி வைத்துவிட்டால், நிரம்பும்போது தண்ணீரே சரி பார்த்துச் சொல்லிவிடும்.

மேலே களிமண் என்பதால் அடியிலும் களிமண்தான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். முக்கால் பங்கு உண்மை. வடகிழக்கு மூலையில் ஒரு மீட்டருக்குக் கீழே மணலும் சுக்கான் கல்லும் கலந்த அடுக்கு வந்தது. சரி, ஒழுகுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பினோம். குட்டைக்குள் ஒரு கம்பில் சென்டிமீட்டர் குறித்து நட்டேன். கரையில், அதே வெயிலில், வாயகன்ற டப் ஒன்றில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். ஒரு நாளில் டப்பில் இறங்கியது 6 மில்லிமீட்டர், அது ஆவியானது. குட்டையில் இறங்கியது 9 சென்டிமீட்டர். அந்த வித்தியாசம் முழுக்க நிலத்துக்குள் போகிறது. அதே நிலத்தடி நீரைத்தான் ஐந்தாறு வீட்டில் அடிபம்பில் அடித்துக் குடிக்கிறார்கள். கழிவுநீரை அதில் விடவே முடியாது.

செலவில்லாத வழியை முதலில் பார்த்தோம். தண்ணீரை இறைத்துவிட்டு அந்த மூலையில் களிமண் கொட்டி, நாற்றங்காலுக்குச் சேறடிப்பதுபோல் மாடு விட்டு மிதிக்க வைத்து, ஒரு அடி கனத்துக்குப் பூசினோம். ஈரமாக இருந்தவரை கன கச்சிதம். மறுபடி நிரப்பத் தண்ணீர் கிடைக்க நாலைந்து நாள் தாமதமானது. சித்திரை வெயில். விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. களிமண் பூசினால் பூசிய அன்றே தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வைக்கோல் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட்டையே முதல் குட்டை முழுக்க விரித்தோம். சரிவு, கரையில் புதைக்கும் பங்கு எல்லாம் சேர்த்து 490 சதுர மீட்டர் ஆனது. ஒட்டிக் கொடுப்பது உட்பட சதுர மீட்டருக்கு 95 ரூபாய். விரிப்பதற்கு முன் கல், வேர், கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கி, இரண்டு அங்குலத்துக்கு மணல் போட வேண்டும். ஷீட்டை இழுத்துக் கட்டக் கூடாது, தொளதொளவென்று விட வேண்டும். மத்தியான வெயிலில் விரித்தால் அது விரிந்து நிற்கும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது ஒட்டுவாய் பிரியும். அதனால் விடியற்காலையில் விரித்து, வெயில் ஏறுமுன் ஒட்டி முடித்தார்கள். இரண்டாவது குட்டை முழுக்க நல்ல களி. அது ஷீட் இல்லாமலே நின்றது.

வாசல்தான் வேலை வாங்கியது

வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் செங்கல்லில் ஒரு தொட்டி கட்டினோம்: 3 அடிக்கு 4 அடி, இரண்டரை அடி ஆழம். முன்னால் 10 மில்லிமீட்டர் கம்பியை 15 மில்லிமீட்டர் இடைவெளியில் வெல்டிங் வைத்த சல்லடை. மணலும் சாம்பலும் தொட்டியில் தங்கட்டும், பிளாஸ்டிக் சல்லடையில் நிற்கட்டும் என்பது எண்ணம். ஒரு வாரத்தில் தொட்டி பாதி நிரம்பிவிட்டது. பாத்திரம் தேய்க்கிற சாம்பலும் மண்ணும் இவ்வளவு வரும் என்று பார்த்த பிறகுதான் புரிந்தது. அதைவிடத் தலைவலி எண்ணெய்ப் பிசுக்கு. ஷாம்பு பாக்கெட்டும் தலைமுடியும் அதில் சிக்கிச் சாணி வறட்டி கனத்துக்கு ஏடு கட்டும். வாரி எடுக்கலாம் என்றால் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

அதனால் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு தொட்டி. இரண்டுக்கும் முன்னால் பலகைக் கதவு. ஒன்றை அடைத்துவிட்டு மற்றதில் விட்டால், அடைத்தது மூன்று நாளில் காய்ந்து, மண்வெட்டியால் கட்டியாக வெட்டி எடுக்கிற பதத்துக்கு வந்துவிடும். சேற்றில் யாரும் கை விட வேண்டாம். தொட்டி ஆழத்தை இரண்டரை அடியோடு நிறுத்தியதும் இதற்காகத்தான். ஆள் இறங்கும் ஆழத்தில் எதையும் கட்டக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்திருந்தும், செப்டிக் டேங்கில் இறங்கியவர்கள் விஷவாயுவில் செத்த செய்தி தமிழ்நாட்டில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இறங்கவே வழியில்லாமல் கட்டிவிட்டால் யாரும் யாரையும் இறங்கச் சொல்ல முடியாது.

தொட்டியிலிருந்து 110 மில்லிமீட்டர் பிவிசி பைப். முதலில் கரையோரம் தண்ணீர் விழும்படி வைத்திருந்தது. கசடெல்லாம் அந்த ஓரத்திலேயே மேடு தட்டியது. பைப்பை நான்கு மீட்டர் உள்ளே நீட்டி, சிமென்ட் கட்டையில் தாங்கல் கொடுத்து, நுனியில் எல்போ என்னும் வளைவுத் துண்டு போட்டுத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே திருப்பிவிட்டதும் அது நின்றது.

எலுமிச்சம்பழம்

தண்ணீர் 27 நாள் தங்கும் என்பது காகிதக் கணக்கு. உள்ளே வந்த தண்ணீர் நிஜமாகவே சுற்றித்தான் போகிறதா, குறுக்கு வழியில் ஓடிவிடுகிறதா? இதைப் பார்க்க எலுமிச்சம்பழம் போதும். மூழ்கியும் மூழ்காமலும் மிதக்கும், காற்றைவிடத் தண்ணீரோடு அதிகம் போகும், மஞ்சள் நிறம் தூரத்திலிருந்தே தெரியும். பைப் வாயில் ஐந்தாறு பழத்தைப் போட்டேன்.

காலையில் போட்டது அங்கேயே தயங்கித் தயங்கி நின்றது. மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் கால் மணி நேரத்துக்குள் அத்தனையும் வெளியேறும் வாயில் வந்து முட்டின. எங்கள் குட்டையில் தண்ணீர் கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறுகிறது. சென்னைப் பக்கம் கோடை மத்தியானம் காற்று கிழக்கேயிருந்துதான் வரும். மேல் தண்ணீரைக் காற்று நேராக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நுழைவாயிலை மேற்கே வைத்திருந்தால் காற்று எதிர்த்துத் தள்ளியிருக்கும். ஆனால் நிலத்தின் சரிவு அப்படி.

இரண்டு மாற்றம் செய்தோம். வெளியேறும் பைப்பில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, தண்ணீர் மேல் மட்டத்திலிருந்து எடுக்காமல் 60 சென்டிமீட்டர் கீழேயிருந்து எடுக்க வைத்தோம். அதில் பாசி வெளியேறுவதும் குறைந்தது. அப்புறம், மிச்சமிருந்த ஷீட்டில் இரண்டு திரை. மேலே நைலான் கயிறு, அதில் மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன்கள். கீழே மணல் நிரப்பிய உரச்சாக்கு. ஒரு திரையை வடக்குக் கரையிலிருந்தும் மற்றதைத் தெற்குக் கரையிலிருந்தும் இழுத்து, எதிர்க் கரையில் இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டோம். இப்போது தண்ணீர் பாம்பு மாதிரி வளைந்துதான் போக முடியும். மறுநாள் மத்தியானம் போட்ட பழங்கள் முதல் திரையிலேயே ஒதுங்கி நின்றன. மொத்த வேலையிலும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் கொடுத்தது வேறு எதுவும் இல்லை.

பச்சை, ஊதா, மறுபடி பச்சை

சாக்கடையை நேராகக் காலிக் குட்டையில் விடக் கூடாது. பாசி பிடிக்குமுன்பே அழுகி நாறிவிடும். பாதி அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் நிறுத்தி, பக்கத்து ஊர்க் குளத்திலிருந்து பச்சைத் தண்ணீர் நாலு குடம் கொண்டுவந்து ஊற்றி, முதலில் காலையில் மட்டும் சாக்கடையைத் திறந்துவிட்டோம். மூன்றாவது வாரத்தில் பச்சை ஏறியது. கண்ணால் பார்ப்பதே பெரிய சோதனைதான்: நல்ல பச்சை என்றால் ஆரோக்கியம். சாம்பல் நிறம் என்றால் சுமை அதிகம். ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்றால் அடியில் கந்தக வாயு கிளம்புகிறது, அதைத் தின்னும் பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஊதா 2024 ஆடி மாதம் வந்தது. முதல் திரைக்கு முன்பக்கம் முழுக்க, அழுகிய முட்டை நாற்றத்தோடு. வாய்க்காலில் வண்டி எதுவும் வந்து கொட்டிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டோம். குட்டையைப் பார்த்துக்கொள்ளும் தூய்மைக் காவலர் அக்காதான் கண்டுபிடித்தார். “கோயில்ல கூழு மிஞ்சிருச்சுண்ணே. அண்டாவுல இருந்தத வாய்க்கால்ல ஊத்திட்டாங்க.” அம்மனுக்கு ஊற்றிய கேழ்வரகுக் கூழ் இருநூறு லிட்டருக்குக் குறையாமல் மிஞ்சியிருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மாவு என்றாலே 20 கிலோ. ஊர் முழுக்க இரண்டு நாளில் அனுப்புகிற அழுக்கு ஒரே மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது.

சாக்கடையைச் சில நாள் பழைய பள்ளத்துக்குத் திருப்பிவிட்டு, ஒரு டீசல் இன்ஜினை இரவல் வாங்கி, இரண்டாவது குட்டையின் பச்சைத் தண்ணீரைப் பகலெல்லாம் முதல் குட்டையின் நுழைவாயிலுக்கு இறைத்தோம். ஆக்ஸிஜனும் பாசியும் சேர்ந்து போகின்றன. பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சை திரும்பியது. கோயில்காரர்களிடம் தலைவர் பேசினார். அடுத்த ஆடிக்குக் கூழ் மிஞ்சியது, மாட்டுத் தொட்டிகளுக்குப் போனது. மாடுகளுக்கும் சந்தோஷம்.

அதே வருடம் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். குட்டைக்கு மேலே நேராகப் பெய்கிற மழை பெரிய விஷயமே இல்லை. 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் குட்டையும் 20 சென்டிமீட்டர் ஏறும், அரை மீட்டர் இடம் இருக்கிறது. ஆனால் தெருவில் விழுந்த மழையெல்லாம் அதே வாய்க்கால் வழியாக வந்தது. கரைக்கு நாலு விரற்கடை இருக்கும்போது இரண்டு பலகைக் கதவையும் அடைத்து, வாய்க்கால் கரையை வெட்டிவிட்டுத் தப்பித்தோம். பிறகு தொட்டிகளுக்கு முன்னால் ஒரு வழிந்தோடி கட்டினோம். தினசரிச் சாக்கடை ஒரு ஜாண் உயரத்துக்குள் ஓடித் தொட்டிக்குப் போகும். அதற்கு மேல் எழும்பினால் அது மழைத்தண்ணீர், பக்கவாட்டில் தாண்டி மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடும்.

கொசு

குட்டை என்றதுமே ஊரில் எல்லோரும் கேட்டது கொசுவைத்தான். நியாயமான பயம். திறந்த பச்சைத் தண்ணீரில், காற்று அலையடிக்கும் இடத்தில் கொசு முட்டை வைப்பது குறைவு. கரையோரப் புல்லின் நிழலில்தான் வைக்கும். ஆகவே தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் இரண்டடிப் பட்டையில் புல்லே முளைக்கக் கூடாது. கல் பாலிஷ் போடும் பட்டறைகளில் உடைந்த கடப்பாக் கல் துண்டு சும்மாவே கிடக்கும். குட்டி யானையில் ஏற்றி வந்து சுற்றிலும் பதித்தோம். ஷீட்டின் மேல் வைக்கிற இடத்தில் கல்லுக்கு அடியில் பழைய சாக்கு மடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் முனை குத்திக் கிழித்துவிடும்.

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடையிலிருந்து கப்பி மீன் வாங்கி இரண்டிலும் விட்டோம். முதல் குட்டையில் விடிவதற்குள் செத்து மிதந்தன. பகலில் ஆக்ஸிஜன் ததும்பும் தண்ணீரில் விடியற்காலை ஒன்றுமே இருக்காது, ராத்திரியில் பாசியும் சேர்ந்து மூச்சு வாங்குகிறதே. இரண்டாவதில் பெருகிவிட்டன. அங்கே வேறொரு தொல்லை, மீன்பாசி என்று சொல்கிற சின்ன மிதக்கும் இலை. ஒரு மாதம் விட்டால் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும், வெயில் இறங்காது, கிருமியும் சாகாது. நீளக் கம்பில் கொசுவலையைப் பைபோல் கட்டி வாரத்துக்கு ஒருமுறை தூய்மைக் காவலர் அக்கா அரித்து எடுக்கிறார். அது எருக்குழிக்குப் போகிறது.

இப்போது பார்க்கும் அளவுகள்

தினமும் நிறம், வாசனை. வாரம் ஒருமுறை அமில கார அளவான பிஎச், காலை 7.6, மத்தியானம் மூன்று மணிக்கு 9.2 வரை ஏறும். பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் வரும் ஏற்றம் இது, வெயிலோடு சேர்ந்து கிருமியைக் கொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. இதை அளக்கக் கொளத்தூரிலேயே கிடைக்கும் சொட்டு மருந்து கிட் போதும். வெள்ளைத் தட்டை நூலில் கட்டி இறக்கினால் 25 சென்டிமீட்டரில் மறைய வேண்டும். ஒரு முழத்துக்குக் கீழேயும் தெரிந்தால் பாசி செத்துக்கொண்டிருக்கிறது.

கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அளக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. நீளமான மூங்கிலின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துவாலையைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும், பூப்போன்ற இழை உள்ள துவாலை. அதைச் செங்குத்தாக மெதுவாக இறக்கி, அடியைத் தொட்டதும் ஒரு நிமிடம் வைத்திருந்து, அதே மெதுவில் தூக்கினால் போதும். தண்ணீர் வடிந்துவிடும், கசடு மட்டும் இழையில் பிடித்துக்கொண்டு வரும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். ஷீட்டைக் குத்தாமல் இருக்க மூங்கில் நுனியில் பழைய ரப்பர் பந்தைச் செருகியிருக்கிறோம். போன மாதம் நுழைவாயில் பக்கம் 11 சென்டிமீட்டர், கடைசித் திரைக்கு அப்பால் 3. ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தால்தான் தூர் எடுக்க வேண்டும், இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

ரிப்போர்ட்டில் மலக்கிருமி 100 மில்லிலிட்டருக்கு 2,000 என்று வந்திருக்கிறது. பச்சையாகச் சாப்பிடும் பயிருக்குப் பாய்ச்ச உலக சுகாதார நிறுவனம் 1989-இல் சொன்ன வரம்பு 1,000. ஆகவே கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இந்தத் தண்ணீர் கிடையாது என்று பலகையே எழுதி வைத்திருக்கிறோம். தென்னைக்கும் கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கும் போகிறது. புல்லை அறுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பாய்ச்சலை நிறுத்திவிட வேண்டும். ஏரிக்கு ஒரு சொட்டும் போவதில்லை.

செலவு

ஜேசிபி 22 மணி நேரத்துக்கு 28,600. ஷீட் 46,500. செங்கல், சிமென்ட், கம்பி 28,000. பைப், டீ, எல்போ வகையறா 14,000. கடப்பாக் கல் ஏற்றி இறக்க 6,000. கொத்தனார், சித்தாள் கூலி 35,000. லேபுக்கும் கிட்டுக்கும் 6,500. வேலிக்கு மட்டும் 52,000, அதுவும் தூண்கள் பழையவை என்பதால். வேலி வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஷீட் போட்ட சரிவு பாசி பிடித்தால் வழுக்கும், பெரியவர்களாலேயே ஏற முடியாது. வேலியோடு, நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருக்கிறோம். ஆக மொத்தம் 2,16,600. பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் 40 ரூபாய். அந்தப் பணம் அப்படியே தூய்மைக் காவலர் அக்காவின் கைக்குப் போகிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேர வேலை, ஆனால் அந்த அரை மணி நேரம் ஒரு வாரம் நின்றால் சல்லடை அடைத்துத் தெருவுக்கே தண்ணீர் ஏறும். அவருக்குக் கையுறை, பூட்ஸ், நீளக் காம்பு போட்ட மண்வெட்டி மூன்றையும் ஊராட்சிக் கணக்கில் வாங்கினோம்.

அடுத்த ஊரில் செய்தால் எதை மாற்றுவேன்? மண்ணை நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டுப் பார்த்த பிறகுதான் ஜேசிபியைக் கூப்பிடுவேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைச் சரிவோடு சேர்த்து யோசித்து இடத்தைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டு தொட்டியும் வழிந்தோடியும் முதல் வரைபடத்திலேயே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை வீட்டு வாசலிலேயே பிடிக்க வீட்டுக்கு ஒரு சின்ன உறைத் தொட்டி வைக்கச் சொல்வேன். இங்கேயே இப்போது எட்டு வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்தத் தெருவிலிருந்து வரும் ஏடு கண்கூடாகக் குறைந்திருக்கிறது. அப்புறம் வேலிக் கதவு. எங்கள் கதவு மூன்றடி அகலம், தூர் எடுக்க வரும் டிராக்டர் டேங்கர் அதில் நுழையாது. நுழைவாயில் பக்கமே பத்தடிக் கதவும், வண்டி நிற்க சரளை போட்ட இடமும் விட்டுக் கட்ட வேண்டும். அந்தக் கதவை மாற்ற வெல்டரிடம் விலை கேட்டிருக்கிறேன்.